ஆல்வினுக்குப் பால் கொடுத்தவள்

ஆல்வினுக்கு இந்த ஜூலையோடு ஐந்து வயது முடிகிறது. பிறந்த தேதி சனிக்கிழமையில் விழுந்தது. உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருக்கிற மாதம். சனிக்கிழமை பேக்கிங் ஷெட்டில் லீவு கேட்டால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் மறுநாள் ஞாயிறு பூசையோடு சேர்த்தே கொண்டாடிவிடலாம் என்று அங்கே வேலை செய்கிற அவன் அம்மா சகாயசெல்வி சொன்னாள். பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் கேக் வெட்டுவது, பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி. அவள் புருஷன் சரத்குமார் முதலில் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி செல்வி, ஒரு தடவ பெருசா செஞ்சிடலாம்" என்று ஒத்துக்கொண்டான்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி இருக்கிற அந்த மாதா கோயில் சின்னது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாக வந்தால் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். பங்கு மக்களில் ஒருவர் வீட்டுச் சங்கதி இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆல்வின் பிறந்த கதையும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை அவன். கொரோனா ஊரடங்கில் பிறந்தான். பிறந்த அன்றைக்கே செல்விக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் போட்டு பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சரத்குமார் அவளோடு போனான். பச்சைப் பிள்ளை, பிறந்த ஆஸ்பத்திரியிலேயே, சரத்குமாரின் அக்கா பாப்பாத்தியின் மடியில் தங்கிவிட்டது. பவுடர் பால் கரைத்துக் கொடுத்தார்கள், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. பாப்பாத்தி நர்ஸிடம் சண்டை போட்டாள், மாதாவிடம் சண்டை போட்டாள், கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் பெண் கையை நீட்டி, "இப்படிக் குடுங்கக்கா" என்று பிள்ளையை வாங்கி மாரில் போட்டுக்கொண்டாள். ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படக்கூடாது என்று ஊரே நடுங்கிக் கிடந்த நேரம் அது.

செல்விக்கு நினைவு திரும்பி, மரக்காணத்துக்கு வந்து, பிள்ளையைக் கையில் வாங்கியபோது அவள் உடம்பில் பால் இல்லை. மருந்தெல்லாம் சேர்ந்து வற்ற வைத்துவிட்டிருந்தது. அதற்குள் பிள்ளை தேறிவிட்டதால் பவுடர் பாலும் ஒத்துக்கொண்டது. அந்தப் பெண் யார் என்று பாப்பாத்தியைக் கேட்டார்கள். மாஸ்குக்கு மேலே இரண்டு கண், தலையில் முக்காடு, அதுதான் அவள் பார்த்தது. அம்மா வீடு திண்டிவனம் என்று சொன்ன ஞாபகம். பேரைக் கேட்காமல் விட்டுவிட்டாள். அதற்காக இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியிலும் திண்டிவனத்திலும் விசாரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் துலங்கவில்லை.

அதனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் செல்வி ஒரு காரியத்தை மட்டும் விடாமல் செய்துவந்தாள். பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது, 'ஆல்வினுக்குப் பால் கொடுத்த பேர் தெரியாத அந்தத் தாய்க்காகவும், அவருடைய பிள்ளைக்காகவும்' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வாள். 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று கோயிலே அதற்குப் பதில் சொல்லும். வேறு யாருக்கும் இல்லாத ஒரு புனிதை மாதிரி அந்தப் பேர் தெரியாதவள் அந்தப் பங்கில் நிலைத்துவிட்டாள்.

பிரியாணிக்குக் கறி சொல்லிவிட்டு வர, வியாழக்கிழமை சாயங்காலம் செல்வியும் சரத்குமாரும் அவனுடைய குட்டி யானையில் கூனிமேடு போனார்கள். அந்த வண்டியில்தான் அவன் கடை கடையாக உப்பு மூட்டை போடுவது. மீரான் பாயின் கறிக்கடையும் அப்படிப் பழக்கம். இவர்கள் போன நேரம் பாய் மஃரிபு தொழுகைக்குப் போயிருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பாயுடைய தம்பி மனைவி.

"அண்ணன் இப்ப வந்துடுவாரு, உக்காருங்க. எவ்ளோ வேணும்னு சொன்னீங்கன்னா நான் சொல்லிடுறேன்" என்றாள்.

"பிரியாணிக்குங்க. நூறு பேர் வருவாங்க" என்றாள் செல்வி. "பையனுக்கு பர்த்டே. அஞ்சு முடியுது."

"மாஷா அல்லாஹ். எங்க பொண்ணுக்கும் போன வாரம்தான் அஞ்சு முடிஞ்சுது." அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "லாக்டவுன்ல பொறந்ததுங்க. நாம படாத பாடா?"

"அதையேங்க கேக்குறீங்க" என்று செல்வி ஆரம்பித்தாள். அந்தக் கதையை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னாள். வலிப்பு வந்ததைச் சொன்னாள். "என்னைய மட்டும் பாண்டிச்சேரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. புள்ளய எங்க நாத்தனார்தான் வெச்சிகிட்டு..."

அந்தப் பெண்ணின் கை ஸ்டூலின் மேலேயே நின்றுவிட்டது.

"உங்க நாத்தனார் பேரு பாப்பாத்திங்களா?"

சரத்குமார் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான்.

"நர்ஸம்மா தெனமும் அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிக் கத்துவாங்க" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "அந்தப் புள்ளயா? நெத்தி நெறைய முடியோட இருப்பானே, அந்தப் புள்ளயா அஞ்சு முடிக்கிறான்?"

என்றைக்காவது அவளைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று செல்வி ஐந்து வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். காலில் விழுவது என்றுகூட நினைத்ததுண்டு. இப்போது அவள் எதிரே நிற்கும்போது, "நூறு பேருக்கு எத்தன கிலோங்க ஆகும்?" என்றுதான் வாயில் வந்தது.

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "பதினஞ்சு கிலோ போதுங்கக்கா" என்றாள். அவள் பெயர் ஷம்சாத். புருஷன் ஷஃபி குவைத்தில் இருக்கிறான். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால்தான் திண்டிவனம் என்று பாப்பாத்தியிடம் சொன்னது. பெண் பெயர் சனோபர். இதையெல்லாம் அவள் மளமளவென்று சொன்னாள். பிறகு தயங்கி ஒன்று கேட்டாள்:

"இப்பவும் தூங்கும்போது காதப் புடிச்சுக்குறானா? பால் குடிக்கிறப்போ எடது கையால காதப் புடிச்சுக்கிட்டுதான் குடிப்பான்."

"ம்" என்றாள் செல்வி. "இப்பவும்தான்."

தொழுகை முடிந்து வந்த மீரான் பாய் விஷயத்தைக் கேட்டு, கடைப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "கறி மட்டும் எதுக்கு? எங்க மாஸ்டர வெச்சு பிரியாணியே பண்ணி, டெக்சாவோட கொண்டாந்து எறக்கிடுறேன்" என்றார். செல்வி ஷம்சாத்தின் கையைப் பிடித்து, "நீங்களும் பொண்ணும் வரணும். பூசைக்கு உள்ள வரணும்னு இல்ல. கேக் வெட்டுறப்ப இருந்தா போதும்" என்றாள்.

"கோயில்லயாக்கா?" ஷம்சாத் மீரான் பாயின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேக்கணும். அவங்கம்மா, எங்க மாமிகிட்டயும் கேக்கணும். இன்ஷா அல்லாஹ், பாப்போம்."

திரும்பி வரும்போது வண்டியில் செல்வி பேசவே இல்லை. உப்பளம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னடி, சந்தோஷமா இல்லயா?" என்று சரத்குமார் கேட்டான்.

"சந்தோஷந்தாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் காதப் புடிக்கிறது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவன் ரேடியோவைப் போட்டான், உடனே நிறுத்தினான். அவள் அழுது முடிக்கும்வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினான்.

ஆல்வினை விட்டுவிட்டுப் போயிருந்த பாப்பாத்தி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவள் அடுப்பில் இருந்ததை மறந்து குழம்பைத் தீயவிட்டாள். "கூனிமேட்லயா? தோ இருக்குற கூனிமேட்லயா? நான் திண்டிவனம் பூரா சுத்துனேனேடா சரத்து!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் ராத்திரி சாப்பாட்டின்போது நடுவில் நிறுத்தி, "நல்லா இருக்காளா செல்வி? ஒடம்பு கிடம்பு நல்லா இருக்குதா அவளுக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காங்க அண்ணி" என்றாள் செல்வி. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கும் அது உறைத்தது. பேர் தெரியாத அந்தத் தாய் நன்றாக இருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மன்றாட்டுக்குச் சொல்ல ஃபாதரிடம் போனாள். இந்தத் தடவை பேரைப் போட்டு வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். ஃபாதருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கேட்டார்: "அவங்ககிட்ட கேட்டியாம்மா? நாம இங்க மைக்ல பேரச் சொல்லிட்டுப் போயிடுவோம். யாராவது நாலு விதமா பேசுனா அவங்கதானே பதில் சொல்லணும்?" செல்விக்கு அது சரியென்று பட்டது. "அப்ப இந்த வருஷமும் பேர் இல்லாமலே படிச்சுடுங்க ஃபாதர்" என்றாள்.

ஞாயிறு பூசையில் அந்த வரி வழக்கம்போலவே வாசிக்கப்பட்டது. எல்லோரும் பதில் சொன்னார்கள். செல்வி மட்டும் தனக்குள், 'ஷம்சாத்துக்காக, சனோபருக்காக' என்று முணுமுணுத்தாள். பூசை முடிவில் ஃபாதர் ஆல்வினைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு, தலையில் கைவைத்து ஜெபித்தார். பாடகர் குழு பிறந்தநாள் பாட்டைப் பாடியது. ஆல்வின் புதுச் சட்டையின் காலர் கழுத்தை உறுத்த, தலையைத் திருப்பித் திருப்பித் தன் அத்தை எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பாப்பாத்தி உள்ளே இல்லை. அவள் கேட்டுக்குப் போய்விட்டாள்.

வளாகத்தில் ஷாமியானா போட்டு, நாற்காலிகள் போட்டு, கேக்கை மேஜைமேல் வைத்தாகிவிட்டது. பிரியாணி வரவில்லை. வெயில் ஏறியது. பிள்ளைகள் கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். க்ரீம் ஓரத்தில் உருக ஆரம்பித்தது. கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் தண்ணீர் பாட்டில்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினார்கள். "போன் போடுடா" என்று பாப்பாத்தி கேட்டிலிருந்து கத்தினாள். "எடுக்க மாட்டேங்குறாரு அக்கா" என்று சரத்குமார் கத்தினான்.

வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று செல்வி நினைத்தாள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பார்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, இதற்கு மேல் ஆண்டவரிடம் என்ன கேட்பது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கேக்கை வெட்டிவிடலாம் என்று மகனைக் கூப்பிட வாயெடுத்தபோது வேன் ஹாரன் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று மீரான் பாய் முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "பிரியாணி எப்பவோ ரெடிங்க. இந்த அம்மணிதான் இந்த ட்ரெஸ் வேணாம், அந்த ட்ரெஸ்தான்னு எங்க எல்லாரையும் நிக்க வெச்சிட்டாங்க." பின்னாலிருந்து ஜிகினா வைத்த பச்சை கவுனில் ஒரு சிறுமி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கறுப்பு புர்காவில் ஷம்சாத்.

பாப்பாத்தி அவளை உற்றுப் பார்த்தபடி நின்றாள். மாஸ்க் இல்லாத அந்த முகத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஷம்சாத் கிட்ட வந்து, "என்னக்கா, இன்னும் நர்ஸுங்கள வம்புக்கு இழுத்துகிட்டுதான் இருக்கீங்களா?" என்றாள்.

"இந்தக் கொரலு!" என்றாள் பாப்பாத்தி. அப்படியே கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வேன் கதவை மறைத்துக்கொண்டு நின்றதால், டெக்சாவை இறக்க வந்த ஆட்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

யார் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலேயே வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஷம்சாத்தின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கொண்டுவந்த பேரீச்சம்பழ டப்பாவைச் செல்வியிடம் நீட்டினாள். "மாமி குடுத்தனுப்புனாங்க. வரல, முட்டி வலி. புள்ளைக்கு துவா சொல்லச் சொன்னாங்க."

"வீட்ல ஒண்ணும் சொல்லலயா?"

"மாமிதான் என்னைய திட்டுனாங்க. பால் குடுத்த புள்ள கூப்பிட்டா போகாம இருப்பியான்னு."

கேக் வெட்டும்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. சனோபரும் சேர்ந்து கத்தியைப் பிடிக்கட்டும் என்று செல்வி சொன்னாள். ஆல்வின் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இதுல என் பேரு மட்டுந்தான் எழுதியிருக்குது."

"டேய், அவளுக்கும் போன வாரம் பர்த்டேடா" என்றான் சரத்குமார்.

"போன வாரம் வெட்டியிருக்கணும்."

சனோபர் கேக்கைப் பார்க்கவில்லை. அவனையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நீதான் எங்கம்மா பால குடிச்சவனா?" என்று கேட்டாள்.



"நான் ஒண்ணும் குடிக்கல" என்றான் ஆல்வின். "நான் பூஸ்ட்தான் குடிப்பேன்."

முதலில் சிரித்தவர் ஃபாதர்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மீரான் பாய் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஆல்வின் அழப் போனான். சனோபர் பக்கத்தில் போய், கேக்கில் இருந்த சர்க்கரை ரோஜாவைக் காட்டி, "எனக்கு அது மட்டும் குடு, நீயே வெட்டிக்கோ" என்று பேரம் பேசினாள். அவன் யோசித்தான். இரண்டு ரோஜாக்களில் சின்னதைப் பிடுங்கிக் கொடுத்தான்.

பந்தி பாதி ஓடியபோது செல்வி ஷம்சாத்தைக் கோயிலின் பக்கவாட்டு நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கடையில் வராத வார்த்தைகளை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"எங்களுக்கு நீங்க தெய்வம் மாதிரிங்க..."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா, தப்பு." ஷம்சாத் அவள் வாயைப் பொத்தவே கையைத் தூக்கிவிட்டாள். "நீங்க ஒண்ணு தெரியாம பேசுறீங்க. நான் சொல்றத கேளுங்க."

அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள். சனோபர் எட்டு மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளை.

"எனக்குப் பால் கட்டிக்கிச்சு. காய்ச்சல் வேற. பீச்சிக் குடுங்க, ட்யூப்ல குடுக்குறோம்னாங்க. என்ன பீச்சினாலும் ஒரு பாலாடை வராது. நாளுக்கு நாள் கொறஞ்சிகிட்டே போச்சு. குடிக்கக் கொழந்த இல்லன்னா பால் நின்னுடும்மான்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நான் போர்வைய மூடிகிட்டு அழுதுகிட்டு இருப்பேன். அப்பதான் உங்க புள்ள வந்தான்." அவள் சிரித்தாள். "பசியில என்னா இழுப்பு இழுத்தான் தெரியுமா? ரெண்டே நாள்ல கட்டு கரைஞ்சு பால் பொங்கிடுச்சு. அவன் குடிச்சது போக பீச்சித்தான் எங்க பாப்பாவுக்கு ட்யூப்ல விட்டாங்க. பொட்டியவுட்டு அவ வெளிய வந்தப்ப, அவளுக்குக் குடிக்கப் பால் இருந்துச்சுக்கா. உங்க புள்ள இல்லன்னா இருந்திருக்காது."

ஷம்சாத் பந்திப் பக்கம் சனோபரை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"நானும்தான் தேடுனேன். பாப்பாத்தின்ற பேரத் தவிர ஒண்ணும் தெரியாது. அதுக்கு அப்புறம் நான் துவா கேக்குறப்பல்லாம் அந்தப் புள்ளையச் சேத்துதான் கேப்பேன். உசுரோட இருக்கானா, நடக்குறானா, ஒண்ணும் தெரியாம கேட்டுகிட்டே இருந்தேன்."

"நாங்களும்..." என்றாள் செல்வி. ஒவ்வொரு வருஷமும் வாசிக்கிற அந்த வரியைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்குப் பேர் இல்லாமல் வாசித்ததையும், ஃபாதர் சொன்னதையும் சொன்னாள்.

ஷம்சாத் முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் பேரச் சொல்லியே படிக்கச் சொல்லுங்க. பாப்பா பேரையும் சேத்து."

வண்டியில் வந்த அந்தக் குத்தல் இப்போது எங்கே போயிற்று என்று செல்விக்குத் தெரியவில்லை. தான் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் தன் பிள்ளை வெறுமனே வாங்கிக்கொண்டு மட்டும் கிடக்கவில்லை. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதவன், ஒரு வீட்டுக்கு ஒத்தாசையாக இருந்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. சிரிப்பும் வந்தது, ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று புரியாமலும் இருந்தது. "வாங்க, நீங்க இன்னும் சாப்பிடல" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கடைசிப் பந்தியில் பாப்பாத்திக்கு இருபக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"ஒண்ணு இப்பவே சொல்லிடுறேன்" என்றாள் ஷம்சாத், எலும்பை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே. "எங்க முறப்படி, ஒரே தாய்ப்பால் குடிச்ச இதுங்க ரெண்டும் கூடப் பொறந்ததுங்க மாதிரி. நாளைக்கு வளந்து நின்னா கல்யாணம் கில்யாணம்னு யாரும் பேச்செடுக்கக் கூடாது."

"யாரு, அந்தக் கத்தியப் புடிச்சிகிட்டு நின்னவனுக்கா?" என்றாள் பாப்பாத்தி. "அவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?"

காலி டெக்சாவை வேனில் ஏற்றியாயிற்று. பாய் சாவியைப் போட்டார். ஆல்வினை வழியனுப்பக் கூப்பிடலாம் என்று தேடினால், அவன் ஏற்கெனவே வேனுக்குள் சனோபர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அவங்க வீட்ல லவ் பேர்ட்ஸ் இருக்குதாம், ஆறு" என்றான். "நான் பாத்துட்டு வரேன்."

செல்வி சரத்குமாரைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையை அவள் இதுவரை ஒரு நாள்கூட யார் வீட்டுக்கும் தனியாக அனுப்பியது கிடையாது; பாப்பாத்தி வீட்டுக்குக்கூட அவளே கொண்டுபோய் விட்டு, அவளே கூட்டி வருவாள். ஷம்சாத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலர் பட்டன கழட்டி விட்டுடுங்க, அவனுக்கு உறுத்துது" என்றாள் செல்வி. "பொழுது சாயறப்ப அவரு வந்து கூட்டிப்பாரு."

"மெதுவா வரட்டும்க்கா" என்றாள் ஷம்சாத். "ராத்திரி சாப்ட்டே வரட்டும்."

வேன் ஈசிஆர் பக்கம் திரும்பியது. பாப்பாத்தி நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தாள். செல்வி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவளுக்கு உதவப் போனாள்.